ஷூ தொழில் தெரிந்தவர்கள் சாக்சன்ஹவுசனில் பார்க்க வேண்டியது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய்வருகிறவர்கள் நிறைய. பையரைச் சந்திக்க, கண்காட்சியில் சாம்பிள் வைக்க, மெஷின் பார்க்க என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். வேலூர் சத்துவாச்சாரித் தெருக்களில் மகனையோ மகளையோ அங்கே படிக்க அனுப்பிவிட்டு, ஒருமுறை போய்ப் பார்த்துவர விசாவுக்குக் காத்திருக்கும் பெற்றோரும் உண்டு. பெர்லினில் ஒரு நாள் மிச்சமானால் பிராண்டன்பர்க் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அரை நாள் போதும். மீதி அரை நாளுக்கு நான் சொல்வது சாக்சன்ஹவுசன். நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம், இப்போது நினைவிடம். தோல், ஷூ தொழிலில் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட அங்கே பார்க்க ஒன்று அதிகமாக இருக்கிறது: கைதிகளின் காலில் ஷூவை மாட்டி நடக்கவிட்டு, சோல் எத்தனை கிலோமீட்டர் தாங்குகிறது என்று சோதித்த பாதை.

போகிற வழி சுலபம். பெர்லினுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் ஒரானியன்பர்க் என்ற ஊர். எஸ்-1 ரயில் நேராக அங்கே போய் நிற்கும். நகரின் நடுவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பெர்லின் நகரத்துக்குள் சுற்ற வாங்கும் சாதாரண ஏ-பி டிக்கெட் இதற்குச் செல்லாது, சி மண்டலமும் சேர்ந்த டிக்கெட் வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் வீடுகள், தோட்டங்கள், ஜன்னல் திரைகள். முகாமுக்கு இவ்வளவு அருகிலா ஊர் என்று தோன்றும். ஊருக்கு அருகில்தான். யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் நடந்த காரியமல்ல இது. நுழைவுக் கட்டணம் கிடையாது. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலி வழிகாட்டிக்கு மட்டும் சில யூரோ. இடம் பெரிது, வெட்டவெளி, காற்று அடிக்கும்; மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். நடக்க வசதியான ஷூ போட்டுக்கொண்டு போங்கள் என்று எந்த ஊர்ச் சுற்றுலாவுக்கும் சொல்வதுதான். இங்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

முகாமைக் கட்ட ஆரம்பித்தது 1936 கோடையில். அதே கோடையில்தான் பெர்லின் ஒலிம்பிக். ஆகஸ்ட் 15 அன்று தியான் சந்தின் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியபோது, வடக்கே கைதிகள் பைன் மரங்களை வெட்டி இடத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். சிறையைக் கட்டியவர்களே அதில் அடைக்கப்பட்டவர்கள். நாஜிகளின் எஸ்.எஸ். படையின் கட்டட வல்லுநர் ஒருவர் முக்கோண வடிவத்தில் வரைபடம் போட்டார். வாசல் கோபுரத்தில் ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கியை வைத்தால் எல்லா வரிசைக் கொட்டகைகளும் அதன் பார்வைக்குள் வரும் என்பது கணக்கு. 1938 முதல் எல்லா வதைமுகாம்களையும் நிர்வகித்த தலைமை அலுவலகமே இந்த ஊருக்கு வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு ரொட்டி, என்ன தண்டனை என்பதெல்லாம் இங்கே மேஜையில் முடிவாகி மற்ற முகாம்களுக்குப் போனது.

1936 முதல் 1945 வரை 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதற்குள் வந்தார்கள். முதலில் கம்யூனிஸ்ட்டுகள், சமூக ஜனநாயகக் கட்சியினர், ஆட்சியை எதிர்த்த பாதிரிமார்; பிறகு யூதர்கள், ரோமா, சின்டி இனத்தவர், ஒருபாலின ஈர்ப்பினர், யெகோவாவின் சாட்சிகள், ஜெர்மனி பிடித்த நாடுகளின் மக்கள். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் கொளுத்திய கையோடு ஏறக்குறைய 6,000 யூதர்களை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். பசியிலும் நோயிலும் வேலையிலும் அடியிலும் செத்தவர்கள் பல்லாயிரம்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்ஷெட்ஸ் போன்றவை வந்து இறங்கியவர்களைச் சில மணி நேரத்துக்குள் கொல்வதற்கென்றே அமைத்த இடங்கள். அவை போலந்து மண்ணில் இருந்தன; நாஜிகளே அவற்றை இடித்து மண் மூடிவிட்டுப் போனதால் அங்கே பார்க்க அதிகம் மிச்சமில்லை. ஆஷ்விட்ஸ் வதைமுகாமும் கொலைக்கூடமும் சேர்ந்தது. சாக்சன்ஹவுசன் அடிப்படையில் அடைத்துவைத்து உழைப்பை உறிஞ்சிய இடம். ஆனாலும் 1941 இலையுதிர் காலத்தில், பிடிபட்ட சோவியத் வீரர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இங்கே சில வாரங்களில் சுட்டுக் கொன்றார்கள். மருத்துவப் பரிசோதனை என்று சொல்லி, உயரம் பார்க்கும் கோலடியில் நிற்கவைத்து, பின்னால் இருந்த துவாரம் வழியாகப் பிடரியில் சுட்டார்கள். அடுத்த வருடம் கட்டிய ‘ஸ்டேஷன் இசட்’ என்ற கொலைக் கட்டடத்தின் அடித்தளமும் எரியூட்டும் உலைகளின் எச்சமும் இன்றும் ஒரு கூரைக்கு அடியில் இருக்கின்றன. வாசல் கோபுரத்தை ‘ஏ’ என்று குறித்தார்கள். உள்ளே நுழைவது ஏ-யில், முடிவது இசட்டில். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு அது வேடிக்கை.

வாசலைத் தாண்டியதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். சினிமாவில் பார்த்த மாதிரி எதுவும் இருக்காது. கொட்டகைகள் பெரும்பாலும் போய்விட்டன. அவை நின்ற இடத்தைக் கற்களால் நீள்சதுரமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். புல், மரம், தூரத்தில் 40 மீட்டர் உயர நினைவுத் தூண். காலை, மாலை கைதிகளை நிறுத்தி எண்ணிக்கை எடுத்த அரைவட்ட மைதானம் முன்னால் விரிந்து கிடக்கும். அதன் ஓரமாக வளைந்து போகும் பாதையைப் பாருங்கள். ஒரு துண்டு கான்கிரீட், ஒரு துண்டு மணல், அடுத்து சரளை, ஜல்லி, சாம்பல் கரி. ஷூ சோதனைப் பாதை அதுதான். முழுப் பாதையின் நீளம் 700 மீட்டர் அளவு. இப்போது தெரிவது ஒரு பகுதிதான்.

இதை ஏன் போட்டார்கள் என்று புரிய, தோல் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். அன்றைய ஜெர்மனியில் டேனரிகள் பெரியவை, ஆனால் கச்சாத் தோலில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரவேண்டும். முதல் உலகப் போருக்கு முன்னால் கல்கத்தாவிலிருந்து போன கச்சாத் தோல் வியாபாரமே பெருமளவு ஜெர்மன் வணிகர்கள் கையில்தான் இருந்தது. (ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் மெட்ராஸ் தோலின் வழி வேறு, அது லண்டனுக்குப் போயிற்று.) 1936-இல் ஹிட்லர் அரசு நான்காண்டுத் திட்டம் போட்டது. அன்னியச் செலாவணி ஆயுதத்துக்கு மட்டும். மற்றதற்கெல்லாம் உள்நாட்டு மாற்றுப் பொருள். தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர், பிவிசி, தோல் கழிவை அரைத்து அழுத்திய அட்டை. 1939-இல் போர் தொடங்கியதும் ஜெர்மன் மக்களுக்கே ஷூ ரேஷன் ஆகிவிட்டது. ஒரு ஜோடி நீண்ட நாள் உழைத்தாக வேண்டும். எந்தக் கலவை சோல் எத்தனை நாள் தாங்கும்?

இன்று ஒரு சோலைச் சோதிக்க, மடக்கி மடக்கிப் பார்க்கும் மெஷின் இருக்கிறது, உராய்வைப் பார்க்கும் மெஷின் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதன் மாட்டிக்கொண்டு நடந்தால் சோல் என்ன ஆகும் என்பதை மெஷின் முழுதாகச் சொல்லிவிடாது. நடந்து பார்த்துத்தான் தெரியும். இது எந்த ஷூ கம்பெனியின் குவாலிட்டி ஆளுக்கும் தெரிந்த சங்கதி. நாளெல்லாம், எந்தத் தரையிலும், எந்த வானிலையிலும், மறுப்புச் சொல்லாமல் நடக்க யாரைப் பிடிப்பது? 1940 ஜூனில் அந்தக் கேள்விக்கு சாக்சன்ஹவுசனில் விடை கண்டுபிடித்தார்கள். பொருளாதார அமைச்சகம் திட்டம் போட்டது, எஸ்.எஸ். கைதிகளைக் கொடுத்தது, கம்பெனிகள் சாம்பிள் அனுப்பின.

ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் வரை நடந்தார்கள். 700 மீட்டர் பாதையில் அது ஐம்பதுக்கும் மேற்பட்ட சுற்று. குறித்த தூரத்துக்கு ஒருமுறை சோலின் தேய்மானத்தைப் பதிவு செய்தார்கள். ஷூ காலுக்குச் சரியாக இருக்கிறதா என்பது பிரச்சினையே அல்ல. சிறிய அளவு கிடைத்தவர் சிறிய அளவிலேயே நடந்தார். முதுகில் சுமை ஏற்றியும் நடக்கவைத்தார்கள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் தண்டனைக் குழுவில் போட்டவர்களைத்தான் அனுப்பினார்கள். விழுந்தவருக்கு அடி, எழ முடியாதவருக்குச் சாவு. சில நாட்களில் 20 பேர் வரைகூட இறந்திருக்கிறார்கள் என்பது இந்தப் பாதையின் வரலாற்றை விரிவாக எழுதிய ஆய்வாளர் ஆன் சுட்ரோவின் மதிப்பீடு. அவர் 2010-இல் வெளியிட்ட தடித்த நூல் நாஜி ஆட்சியில் ஷூவைப் பற்றியது. அதிலிருந்து வெளிவந்த முக்கியமான சேதி, சோதித்தவை வெறும் ராணுவ பூட்ஸ் அல்ல என்பது. ஊர் மக்கள் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சாதாரண ஷூவுக்கான மாற்றுப் பொருட்கள்தான் பெரும்பகுதி.

1944-இல் இதே பாதையில் இன்னொரு சோதனையும் நடந்தது. கடற்படைக்காரர்கள் தூக்கமில்லாமல் வேலை செய்ய ஒரு மாத்திரை தயாரித்தார்கள். அதில் கொக்கெய்ன் உட்படப் போதை மருந்துகளின் கலவை. அதைக் கைதிகளுக்குக் கொடுத்து, எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நார்வேயிலிருந்து பிடித்துவரப்பட்ட ஓட் நான்சன் என்ற கட்டடக் கலைஞர் முகாமுக்குள்ளேயே ரகசியமாக எழுதிய நாட்குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

எந்தக் கம்பெனிகள்? சலமாண்டர், காண்டினென்டல், ஃப்ராய்டன்பெர்க் என்று தொழிலில் இருப்பவர்கள் கேட்ட பெயர்களே வரும். ஃப்ராய்டன்பெர்க்கைக் கொஞ்சம் கவனிக்கலாம். 1849-இல் வைன்ஹைம் ஊரில் ஒரு டேனரியாகத் தொடங்கிய குடும்பத் தொழில் அது. ஐரோப்பாவில் குரோம் பதனிடுதலை முதலில் கையில் எடுத்த நிறுவனங்களில் ஒன்று. 1933-இல், யூதர்களுக்குச் சொந்தமாயிருந்த கொன்ராட் டாக் என்ற பெரிய ஷூ கம்பெனியை அது வாங்கியது. விற்றவர்கள் எந்த நெருக்கடியில் விற்றார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி ஷூ தொழிலுக்குள் வந்த நிறுவனம், தோலுக்குப் பதில் ரப்பர் சோல் தயாரிப்பில் இறங்கி, தன் சோல்களை இந்தப் பாதைக்கு அனுப்பியது. பல பத்தாண்டுகள் கழித்து அந்நிறுவனமே தன் ஆவணங்களைத் திறந்து வரலாற்றாசிரியர் யோவாகிம் ஷோல்டிசெக்கிடம் கொடுத்தது. அவர் ஆய்வு 2016-இல் வந்தது. காண்டினென்டல் கேட்டுக்கொண்டதன் பேரில் பால் எர்க்கர் எழுதிய ஆய்வு 2020-இல் வந்தது.

அந்தப் பாதையைச் சுற்றி வருகையில் நம் தொழில்காரர் ஒருவர் மற்ற சுற்றுலாப் பயணிகளைவிடக் கூடுதலாகப் புரிந்துகொள்வார் என்று நான் நம்புகிறேன். காவல் கோபுரத்தையும் மின்வேலியையும் பார்த்தால் ‘அரக்கர்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பாதையைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. சாம்பிள் அனுப்புவது, பார்சலில் ஆர்டர் எண் ஒட்டுவது, ரிப்போர்ட் வந்ததும் எந்தக் கலவை தேறியது என்று பார்ப்பது, அடுத்த லாட்டில் திருத்துவது எல்லாம் அன்றாட ஆபீஸ் வேலை. ரிப்போர்ட்டைப் படித்தவர் ஒரு கைதியையும் நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவர் மேஜைக்கு வந்தது கிலோமீட்டர் எண் மட்டும். இன்று அதே ஜெர்மனியில், வெளிநாட்டில் தமக்குச் சரக்குத் தயாரிப்பவர்களின் நிலையைப் பெரிய நிறுவனங்கள் கண்காணிக்க வேண்டும் என்ற சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆடிட்டுக்கு வருகிறவர் ஓவர்டைம் ரெஜிஸ்டரைக் கேட்கும்போது எரிச்சல்படும் நம்மவர்களுக்கும் இந்தப் பாதையை ஒருமுறை பார்ப்பது நல்லது. எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்பதைத்தானே அந்த ரெஜிஸ்டர் கேட்கிறது.

நினைவிடம் என்றால் ஒரே ஒரு காலத்தை மட்டும் காட்டும் இடம் என்று நினைக்க வேண்டாம். 1945 ஏப்ரலில் சோவியத் படை நெருங்கியபோது 30,000-க்கும் மேற்பட்ட கைதிகளை எஸ்.எஸ். வடமேற்கே நடத்திக்கொண்டு போனது. வழியில் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். 22-ஆம் தேதி விடுதலை வந்தபோது முகாமில் எஞ்சியவர்கள் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுமாகச் சுமார் 3,000 பேர். அந்த ஆகஸ்டிலேயே சோவியத் போலீஸ் அதே இடத்தைத் தன் சிறையாக்கிக்கொண்டது. 1950 வரை அதில் 60,000 பேர் இருந்தார்கள், குறைந்தது 12,000 பேர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். நாஜிக் கட்சியின் கீழ்மட்டத்தினரும் இருந்தார்கள், ஒன்றும் செய்யாதவர்களும் இருந்தார்கள். 1961-இல் கிழக்கு ஜெர்மன் அரசு நினைவிடம் திறந்தபோது இந்தக் கதையைச் சொல்லவில்லை. முதலில் பார்த்த உயரத் தூணில் அரசியல் கைதிகளின் சிவப்பு முக்கோணங்கள் மட்டுமே இருப்பதும் அதனால்தான். யூதர்களும் ரோமாக்களும் அதில் இல்லை. ஜெர்மனி இணைந்த பிறகுதான் சோவியத் சிறைக்குத் தனி அருங்காட்சியகம் வந்தது. 1992-இல் தீவிர வலதுசாரிகள் யூதர்களின் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். கருகிப் பொரிந்த பெயின்ட்டைச் சுரண்டி எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், உள்ளே போனால் தெரியும்.

மியூனிக் பக்கம் போகிறவர்களுக்கு டாஹாவ் அருகில். 1933 மார்ச் 22 அன்று திறந்த அது, நாஜிகளின் முதல் முகாம்களில் ஒன்று. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள், குறைந்தது 41,500 சாவுகள். எஸ்-2 ரயிலில் டாஹாவ் வரை போய், அங்கிருந்து 726-ஆம் எண் பஸ். இங்கும் கட்டணம் இல்லை. வேலூர்க்காரர்களுக்கு அங்கே தேட ஒரு பெயர் இருக்கிறது, எரியூட்டும் கூடத்துச் சுவரில்: நூர் இனாயத் கான்.

அவர் கதை நம் கோட்டையில் தொடங்குகிறது. 1799-இல் திப்பு சுல்தான் விழுந்ததும் அவர் குடும்பத்தைப் பிரிட்டிஷார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைச் சிப்பாய்கள் அவர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். காரணங்களில் ஒன்று தோல்: புதிதாகக் கொடுத்த தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது; கூடவே நெற்றிக் குறியும் தாடியும் கூடாதென்று உத்தரவு. சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி வந்தார். அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் அதற்காகத்தான் நிற்கிறது. திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வம்சத்தின் வழி வந்தவர் என்று அறியப்படும் சூஃபி இசைக்கலைஞர் பரோடா இனாயத் கானின் மகள்தான் நூர். 1914-இல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸில் வளர்ந்தார். குழந்தைகளுக்குக் கதை எழுதினார். போர் வந்ததும் இங்கிலாந்து போய், பிரிட்டிஷ் ரகசியப் படையில் வயர்லெஸ் இயக்கப் பயிற்சி பெற்று, 1943 ஜூனில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் இறங்கினார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்ட பிறகும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். மாதக்கணக்கில் விலங்கோடு ஒரு தனிச் சிறை, பிறகு டாஹாவ். 1944 செப்டம்பர் 13 அன்று மூன்று பெண்களோடு சேர்த்துச் சுட்டார்கள். வயது 30. திப்புவைத் தோற்கடித்த அதே பிரிட்டிஷார் 1949-இல் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

ஆஷ்விட்ஸ் வரை போக முடிந்தவர்கள் ஒன்றை முன்கூட்டியே செய்ய வேண்டும். நுழைவு இலவசம்தான், ஆனால் இணையத்தில் பெயர் கொடுத்து நேரம் பதிவு செய்யாமல் போனால் திரும்பி வர வேண்டியிருக்கும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் குவிந்திருக்கும் ஷூக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய 8,000 குழந்தைகளுடையவை. பார்க்கிற எல்லோரும் அழுவார்கள். தோல் தெரிந்தவர் வேறொன்றையும் கவனிப்பார்: கொழுப்பு வற்றி வெடித்த அப்பர், துருப்பிடித்த ஆணி, பூஞ்சை ஏறிய லைனிங். எண்பது வருடத் தோலைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரியும். குழந்தைகளின் ஷூக்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, விவரம் பதிவு செய்து, மேலும் சிதையாமல் நிறுத்தும் வேலையை அந்த அருங்காட்சியகம் 2023-இல் தொடங்கியது. புதிதாக்குவது நோக்கமல்ல. மடிப்பும் தேய்ந்த குதிகாலும் அந்தக் குழந்தையின் நடை. அதை மாற்றக் கூடாது.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். படம் எடுக்கலாம், உலைக்கு முன்னால் நின்று சிரித்து செல்ஃபி எடுக்கக் கூடாது. ஆஷ்விட்ஸில் தலைமுடி வைத்திருக்கும் அறையில் கேமராவே கூடாது. உள்ளே சாப்பிடக் கூடாது, ஸ்டேஷன் பக்கம் முடித்துவிட்டுப் போங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டாம். ஆஷ்விட்ஸ் என்றால் பதினான்கு. ஆபீஸ் குழுவாகப் போகிறவர்கள் வழிகாட்டியை முன்பதிவு செய்யும்போதே, ஷூ தொழிலிலிருந்து வருகிறோம், சோதனைப் பாதையில் கூடுதல் நேரம் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். வழக்கமான சுற்றில் அந்த இடத்துக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும்.